மரத்தில் ஒரு வெட்டு, எண் 12

எங்கள் தோட்டத்துப் பெரியம்மா ‘இன்னிக்கு மழை, பால் இல்ல’ என்றால் பசுமாட்டைத் தேடிப் போகக் கூடாது. அது ரப்பர் மரத்துப் பால். அது சொட்டும் கிண்ணம்தான் மங்கு. அகராதியை மட்டும் நம்பி யாராவது எங்கள் பேச்சை மொழிபெயர்த்தால், ரப்பர் தோட்டம் மாட்டுப் பண்ணையாகிவிடும்.

பிரெஞ்சுக் காப்புரிமை (பேட்டன்ட்) ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா) உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சா என்று சிரிப்பவர்கள் உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் இதே வட்டாரத்துத் தென்னமரத்தில் போட்டவர் ஆன்றி ஃபொகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆவணத்தில் ‘ஆர்ப்ர்’, ‘செய்ஞே’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே வந்தன. ஆர்ப்ர் என்றால் மரம். செய்ஞே என்றால் இரத்தம் வடியச் செய்வது. ரப்பர் மரம் சீவுவதற்கும் பிரெஞ்சில் இதே சொல்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? அரைப் பக்கம் வரைக்கும் மரம் சீவிக்கொண்டே போனேன். அந்த மரம் சுழல்கிறது என்று வந்த இடத்தில்தான் உளியைக் கீழே வைத்தேன்.

இயந்திரக்காரர்களுக்கு ஆர்ப்ர் என்பது சுழலும் அச்சுத்தண்டு, அதாவது ஷாஃப்ட். செய்ஞே என்பது உலோகத்தில் வெட்டிய ஒடுக்கமான பள்ளம். இப்படி நிறையச் சொற்கள் உண்டு. சட்டை என்ற பொருளுள்ள ‘ஷெமீஸ்’, எஞ்சின் சிலிண்டரின் உள்ளுறை. வெளிச்சம் என்ற ‘லுமியேர்’, வெறும் துளை. ஆன்மாவைக் குறிக்கும் சொல்லே கேபிளின் நடுக்கம்பிக்கும் பெயர். இது எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடை ஆவணத்திலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் பன்னாட்டு வகைப்பாட்டுக் குறி இருக்கும். ஏ01ஜி 23/10 என்றிருந்தால் மரத்தில் பால் எடுப்பது. எஃப்16சி என்றிருந்தால் அச்சுத்தண்டும் பேரிங்கும். நான் அதைப் பார்க்காமல் நேரே உள்ளே போனதுதான் தப்பு. அடுத்தது படம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. என் செய்ஞேவின் எண் 12. படத்தில் 12இலிருந்து போன கோடு ஓர் இரும்புத் தண்டின் பள்ளத்தில் போய் நின்றது. அப்புறம் ஒரு கட்டுப்பாடு: 12க்கு ஒருமுறை வைத்த ஆங்கிலச் சொல்லைக் கடைசி வரை மாற்றக் கூடாது. பள்ளியில் ‘ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே’ என்று திட்டு வாங்கியவர்களுக்கு இது கஷ்டம். இங்கே சொல் மாறினால், படிப்பவர் பொருளே மாறிவிட்டது என்று நினைப்பார்.

உண்மையான ஆபத்து உறுப்புகளின் பெயரில் இல்லை, உரிமைக்கோரல்களில் வரும் சாதுவான சொற்களில் இருக்கிறது. காப்புரிமையின் எல்லையைப் போடுவது இந்த உரிமைக்கோரல்கள்தான். பால் வெட்டும் உளி ஒன்று, கைப்பிடியையும் அலகையும் ‘கொண்டது’ என்று எழுதினால், அதன் பிரெஞ்சு ‘கொம்ப்ரனான்’, ஆங்கிலம் ‘கம்ப்ரைசிங்’. அதில் ஒருவர் விளக்கைச் சேர்த்து விற்றாலும் எல்லைக்குள்தான் நிற்கிறார். ‘இவை மட்டுமே’ என்ற பொருளில் ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று போட்டால், விளக்கு வைத்தவர் வேலியைத் தாண்டிவிட்டார். பிரெஞ்சில் ‘கொன்ஸ்தித்துயே’ என்ற சொல்லை எழுதுகிறவர்கள் சில நேரம் இறுக்கமாகவும் சில நேரம் தளர்வாகவும் பயன்படுத்துவார்கள். அங்கே அவசரப்பட்டு ‘மட்டுமே’ என்று பூட்டக் கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு கண்ணி ‘எவாந்த்துயெல்மான்’. ஆங்கிலத்தின் ‘ஈவென்சுவலி’ போலவே ஒலிக்கும், பொருளோ ‘தேவைப்பட்டால்’. ரப்பர் கலவையில் தேவைப்பட்டால் நிறமி சேர்க்கலாம் என்பதை ‘கடைசியில் நிறமி சேர்க்கப்படும்’ என்று மாற்றினால், விருப்பம் கட்டாயமாகிவிடும்.

‘லெதி’ மட்டும் தொல்லை தராது. அது நம் நிலப் பத்திரங்களில் வரும் ‘மேற்படி’. ஆங்கிலத்தில் ‘செட்’.

மூல ஆவணத்திலேயே தப்பு இருந்தால்? ஓரிடத்தில் 12 என்பது 21 என்று அச்சாகியிருக்கும். கை துறுதுறுக்கும். ஆனாலும் 21 என்றே எழுதி, தனிக் குறிப்பில் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவேன். திருத்துவது காப்புரிமை வழக்குரைஞரின் வேலை.