கம்பு மீனுக்குள்ளதா, உனக்குள்ளதா?

தமிழ்நாட்டுக் கடற்கரை முடிகிற இடத்தில் எங்கள் ஊர் நீரோடி. இரண்டு கல் எறிகிற தூரத்தில் கேரளத்தின் பொழியூர். போன ஐப்பசியில் வீட்டு முற்றத்துத் தென்னையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கட்டித் தொங்கவிட்டேன். மீன் ஏலம் போடும் இடத்தில் இரவல் வாங்கியது. அதன் கொக்கியில் தூண்டில் நூலின் நுனியை மாட்டி, புதுத் தூண்டில் கம்பையும் நூல் சுற்றும் ரீலையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எட்டுக் கிலோ, ஒன்பது கிலோ என்று முள் ஏறியது. ரீல் 'ஸ்ஸ்ஸ்' என்று நூல் விட்டது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா நாற்பது வருடம் கைத்தூண்டில் போட்டவர். சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "லேய் மக்கா, அந்தக் கம்பு ஒனக்குள்ளதா, மீனுக்குள்ளதா?"

நான் இயற்பியல் படித்தவன். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை.

சலாலாவில் வேலை பார்க்கும் அத்தான் கூப்பிட்டிருந்தார். ஓமானின் தோஃபார் கடற்கரை, அதற்கப்பால் ஹல்லானியத் தீவுகள். பாப்பர் என்ற பொம்மை இரையைப் போட்டுப் பெரிய பாரை மீன் பிடிக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே காரீஃப் பருவம், படகு இறக்க முடியாது. காரீஃப் வேறொன்றுமில்லை, ஜூனில் நம் கடற்கரையைத் தின்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். அது ஓய்ந்த பிறகுதான் மீன்பிடி. எனக்குக் கம்பும் ரீலும் வாங்க வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் அவை எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

மீனிலிருந்து தொடங்குவோம். ஜயண்ட் ட்ரெவாலி, சுருக்கமாக ஜிடி. நமக்குப் பாரை, பொழியூர்ப் பக்கம் வற்ற. அறிவியல் பெயர் கேரங்ஸ் இக்னோபிலிஸ். 'இக்னோபிலிஸ்' என்றால் லத்தீனில் 'உயர்குடி அல்லாதது' என்று பொருள். பெயர் வைத்தவர் அதைத் தூண்டிலில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார். தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனை 72.8 கிலோ, 2006-இல் ஜப்பானில். சீஷெல்ஸின் ஃபார்க்குவார் பவளத்தீவில் இந்த மீன் தண்ணீரை விட்டு எம்பி, பறக்கிற ஆலாக் குஞ்சுகளைக் கவ்வுவதைப் படமே எடுத்திருக்கிறார்கள். மேற்பரப்பில் எது துடித்தாலும் வந்து அடிக்கிற மீன். பாப்பர் அந்தக் குணத்தைத்தான் குறிவைக்கிறது.

பாப்பர் என்பது மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மீன் வடிவப் பொம்மை. மூஞ்சி மட்டும் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். எடை 120 முதல் 200 கிராம் வரை, ஒரு கொய்யாப்பழத்தின் கனம். வீசிவிட்டு, கம்பை ஒரு வீச்சாக இழுத்தால் குழி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்றையும் உள்ளே இழுத்து 'புளுப்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் தண்ணீரை அறைவதால் வருவதல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிதான் பாடுகிறது. வாளியில் குழாய்ச் சொட்டு விழும்போது கேட்கும் 'டிங்'கும் இதே கதைதான். குமிழி சுருங்கி விரிந்து அதிர்கிறது. 1933-இல் மார்சல் மின்னார்ட் என்ற அறிவியலாளர் இதற்குக் கணக்குச் சொன்னார். குமிழி பெரிதானால் சுருதி இறங்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 330 தடவை அதிரும், இரண்டு சென்டிமீட்டர் என்றால் அதில் பாதி. பெரும்பாலான மீன்களுக்கு நன்றாகக் கேட்பது ஆயிரத்துக்குக் கீழே உள்ள இந்தக் கட்டைச் சுருதிகள்தான். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். கிண்ணம் பெரிதாக இருக்கிற பாப்பர் ஏன் தூரத்து மீனைக் கூப்பிடுகிறது என்பது இப்போது புரியும். அதை இழுக்க ஏன் தோள் வலிக்கிறது என்பதும்.

சரி, மீன் அடித்துவிட்டது. அடுத்து அது நேராகக் கீழே, பாரைப் பார்த்துப் போகும். மீனுக்கும் பாரை, கடலடிப் பாறைக்கும் பார், பொருத்தம்தான். முதல் இருபது முப்பது மீட்டருக்குள் அதை நிறுத்தாவிட்டால் நூல் பாறையில் உரசி அறுந்துவிடும். நிறுத்த வேண்டும், ஆனால் நூலும் அறுந்துவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில்தான் மொத்தத் தொழில்நுட்பமும் நிற்கிறது.

மாமாவிடம் ரீல் கிடையாது. அவர் ரீல் அவர் உள்ளங்கை. பெரிய மீன் ஓடும்போது தங்கூசி நூலைப் படகின் கொம்பில் ஒரு சுற்றுப் போட்டு, மீதியைக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே இருப்பார். அந்த ஒரு சுற்று லேசுப்பட்டதல்ல. கயிறு மரத்தைச் சுற்றும்போது உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரே சுற்றில் கையின் பிடி ஆறரை மடங்காகும். கையில் இரண்டு கிலோ பிடித்தால் மீன் பதின்மூன்று கிலோவை இழுக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் எழுதிய சூத்திரம் இது. நம் ஆட்கள் சூத்திரம் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

ரீலில் இந்த வேலையைச் செய்வது டிராக். நூல் சுற்றிய ஸ்பூலுக்குள் வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும், ஒன்றுவிட்டு ஒன்று உலோகமும் கார்பன் நாரும். மேலே உள்ள குமிழைத் திருகினால் தகடுகள் நெருக்கப்படும். நாம் குறித்த அளவைத் தாண்டி மீன் இழுத்தால் ஸ்பூல் வழுக்கி நூல் விடும். ரீல் வாங்கும்போது டிராக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்சக் கிலோவை நம்பி வாங்காதீர்கள். இருபத்தைந்து கிலோ என்று எழுதியிருப்பதால் நாம் இருபத்தைந்து கிலோவில் நிற்கப்போவதில்லை, படகிலிருந்து விழுவோம். பார்க்க வேண்டியது வேறு இரண்டு.

ஒன்று, நகரத் தொடங்கும் கணம். நிற்கிற பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்த பிறகு ஓட்ட வேண்டிய விசையைவிட அதிகம். மோசமான டிராக்கில் இந்த வித்தியாசம் பெரிது. ஒட்டிக்கொண்டு நின்று, திடீரென்று விடும். பல நூல்கள் அந்த ஒரு வெட்டில்தான் அறுகின்றன. முற்றத்தில் தராசு கட்டியதே இதற்காகத்தான். முள் குதிக்காமல் ஒரே இடத்தில் நின்றால் நல்ல டிராக். மாமா எழுந்து வந்து, ஓடுகிற நூலில் விரலை வைத்துப் பார்த்தார். "கையைவிட மெதுவா விடுது" என்றார். அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சான்றிதழ் அது.

இரண்டாவது சூடு. பத்துக் கிலோ டிராக் என்பது சுமார் 100 நியூட்டன். மீன் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடினால் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 500 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் பாதி. அந்தச் சூடு முழுக்க முஷ்டி அளவுள்ள ஸ்பூலுக்குள் பிறக்கிறது. தகடு சிறியதாக இருந்தால் சூடேறி உராய்வு மாறும், நாம் வைத்த பத்துக் கிலோ அப்புறம் பத்துக் கிலோவாக இருக்காது. பெரிய ஸ்பூல், பெரிய தகடு, உலோக உடம்பு ஆகியவற்றின் தேவை இதுதான். அந்த அளவு ரீல்களில் 14000, 18000, 20000 என்று எண் போட்டிருப்பார்கள்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. நூல் வெளியே போகப் போக ஸ்பூலின் விட்டம் குறைகிறது. டிராக் தகட்டின் திருப்புவிசை மாறாது, ஆனால் நூல் இழுக்கும் ஆரம் குறைவதால் நூலின் இழுவிசை ஏறும். 70 மில்லிமீட்டர் விட்டம் 56 ஆனால், பத்துக் கிலோ தானாகப் பன்னிரண்டரை ஆகிவிடும். மீன் தூரம் போனதும் பதறி டிராக்கை இன்னும் முறுக்குகிறவர்கள் நூலை அறுத்துக்கொள்வது இப்படித்தான்.

ஷிமானோவின் ஸ்டெல்லா, டைவாவின் சால்டிகா என்று பழைய பைக் விலைக்கு ரீல்கள் இருக்கின்றன. காசு எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி விறைப்புக்கு. பத்துக் கிலோ இழுவையில் உடம்பு ஒரு மயிரிழை வளைந்தாலும் உள்ளே பற்சக்கரங்கள் விலகி அரைபடும். மீதி, உப்புநீர் புகாமல் தடுக்க. சால்டிகாவில் காந்தத்தால் பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு எண்ணெய்தான் மூடி. காந்தத் திரவத்தை 1963-இல் நாசாவில் ராக்கெட் எரிபொருளுக்காக உருவாக்கினார்கள், அது இப்போது மீன் ரீலில் உட்கார்ந்திருக்கிறது. கியர் விகிதத்தில் நான் பெரிதாக யோசிக்கவில்லை. ஆறுக்கு ஒன்று என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர் நூல் வரும், நாலரை என்றால் ஒரு மீட்டர். பாப்பரை இழுத்த பின் தொய்வை வேகமாக எடுக்க முன்னது நல்லது, மீனோடு மல்லுக்கட்டப் பின்னது. நான் முன்னதை எடுத்தேன். எங்கள் ஊர்க்காரனுக்குக் கையில் பலம் உண்டு என்ற நம்பிக்கையில்.

இனி மாமாவின் கேள்வி. கம்பு யாருக்கு?

கம்பு ஒரு நெம்புகோல். ஆனால் நீளமான பக்கம் மீனிடம் இருக்கிறது. எட்டடிக் கம்பு என்றால் 2.4 மீட்டர். அடிப்பாகம் இடுப்பு வாரில் ஊன்றியிருக்கிறது, முன்னால் உள்ள கை அங்கிருந்து 0.7 மீட்டரில் பிடிக்கிறது. மீன் நுனியில் பத்துக் கிலோ இழுத்தால், வளையாத கம்பாக இருந்தால், அந்தக் கை தாங்க வேண்டியது முப்பத்து நான்கு கிலோ! மாமாவின் கையில் பத்து பத்தாகவே இருந்தது. கம்பு வளையும்போதுதான் நமக்கு நியாயம் கிடைக்கிறது. நுனி நூலின் திசைக்குத் திரும்பிவிட, இழுவை நடுக்கம்புக்கு இறங்குகிறது. நெம்புகோலின் நீளம் 1.4 மீட்டர் போலச் சுருங்கினால் கைக்கு இருபது கிலோ. ஆக, விறைப்பாக இருப்பதுதான் பலமான கம்பு என்று நினைப்பது தவறு. கடையில் அப்படி நினைத்துத்தான் நானும் முதலில் ஒரு உலக்கையைத் தூக்கினேன்.

அப்படியானால் குட்டைக் கம்பே போதாதா? சண்டைக்குப் போதும், வீச்சுக்குப் போதாது. கம்பு நீண்டால் நுனியின் வேகம் கூடும், பாப்பர் தூரம் போகும். பாப்பரை இழுத்துச் சத்தம் எழுப்பவும் நீளம் வேண்டும். ஏழரை முதல் எட்டரை அடி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஏற்பட்ட சமரசம். கம்பின் அடியில் எழுதியிருக்கும் பாப்பர் எடை, நூலின் தடிமனைச் சொல்லும் பிஇ எண் இரண்டையும் படித்துவிட்டு வாங்குங்கள். கம்பை ஒருநாளும் செங்குத்தாகத் தூக்காதீர்கள். வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் குவிந்து, கார்பன் நார் 'பட்'டென்று போகும். மீன் கையருகே வந்தபின்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

நூல் பிஇ, அதாவது மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலான் போல இழுபடாது, அதனால் பாப்பரை ஆட்டினால் உடனே ஆடும். பிஇ 8 என்றால் சுமார் 40 முதல் 50 கிலோ தாங்கும். டிராக்கை அதில் கால் பங்கில் வைப்பது வழக்கம். முடிச்சுப் பலவீனம், உரசல், திடீர் வெட்டு எல்லாவற்றுக்கும் மீதி முக்கால். பிஇயின் பலவீனம் பாறை. லேசாகக் கீறினாலே போதும். அதனால் முன்னால் சில முழம் தடித்த நைலான் லீடர் போடுகிறார்கள்.

விமானத்துக்கு எட்டடிக் கம்பு பெரிய தலைவலி. கைப்பிடியில் மட்டும் பிரிகிற வகையை எடுத்தேன். நடுவில் பிரிந்தால் அங்கே வளைவு கெடும். திருவனந்தபுரத்தில் சோதனை செய்தவர், பிளாஸ்டிக் குழாயைத் தட்டிப் பார்த்து, "இதெந்தா சேட்டா, பைப்போ?" என்றார். ரீலைத் திறந்து காட்டியதும் அவரே டிராக்கைத் திருகிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் ஊர் விழிஞ்ஞமாம்.

ஓமானில் மூன்றாம் நாள் காலை அது வந்தது. பாப்பர் இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் தெரிந்தது. ரீல் கத்தியது. கம்பைத் தாழ்த்திப் பிடித்தேன், டிராக்கைத் தொடவில்லை. எண்ணிப் பார்க்க நேரமில்லை, பதினைந்து நொடி இருக்கலாம். பிறகு நூல் லேசானது. ஸ்பூலைத் தொட்டேன், டீ கிளாஸ் சூடு.

ஊருக்கு வந்து அறுந்த லீடரை மாமாவிடம் கொடுத்தேன். நுனி தேங்காய் நார் போலப் பிரிந்திருந்தது. நகத்தால் நிரடிப் பார்த்தார்.

"கம்பும் ரீலும் ஒண்ணும் செய்யல்ல மக்கா. பார்ல ஏறிப்போச்சு" என்றார். பிறகு லீடரைத் தன் கைத்தூண்டில் பெட்டியில் போட்டுக்கொண்டார். அறுந்தது ஒரு முனைதானே, மீதி நல்ல நரம்பு.