உப்புக் கரிக்கும் சுவர்

திருகோணமலையில் கடலுக்குப் பக்கத்தில் அம்மம்மாவின் பழைய வீடு. விறாந்தைச் சுவரில் இடுப்பளவு உயரம் வரை பூச்சு பொருமி நிற்கும். தட்டிப் பார்த்தால் வெறும் பெட்டி மாதிரிச் சத்தம். உதிர்ந்த வெள்ளை மாவை நாக்கு நுனியில் வைத்தேன்: சுத்த உப்பு.

மூன்று வருடத்துக்கு முன்தான் சீமெந்து பூசியிருந்தோம். எல்லாரும் மேசனைத்தான் திட்டினார்கள். பாவம், அவர் நன்றாகத்தான் பூசியிருந்தார்.

அது முருகைக்கல்லும், அதாவது கடலின் பவளப்பாறைக் கல்லும், சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய சுவர். அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலேறும். கரைந்த உப்பும் கூடவே வரும். மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடும், உப்பு மிஞ்சும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் சுவர் வேகமாகக் காயும்போது அந்த உப்பு துளைக்குள்ளேயே படிகமாகி வளர்ந்து, துளையின் சுவரை நெம்பும். மாரியில் கரையும், அடுத்த கச்சானில் மறுபடி நெம்பும். பூச்சை உடைப்பது இந்த நெம்பல்தான்.

சீமெந்துப் பூச்சு இறுக்கமானது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் சேர்ந்து, ஒரு நாள் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும்.

இன்னொரு வேடிக்கை: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். கூரை ஒழுகாமலே மாரியில் சுவர் வியர்ப்பது அதனால்தான்.

சரி, எப்படித் திரும்பப் பூசுவது? முதலில் வெளியே போய்ப் பாருங்கள்: சுவரடியில் மண் வீட்டின் தரைமட்டத்துக்கு மேலே குவிந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகுகிறதா? அதைச் சரிசெய்யாமல் பூசுவது வீண். ஈரக்கோட்டுக்கு ஒரு முழம் மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். அப்புறம் காயவிட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரம் ஆகாது.

பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடல்மணலைத் தொடவே கூடாது. ஒரு படை 10 மில்லிமீற்றர் அளவில் போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மெல்லத் திரும்பக் கல்லாவதால், வெயில் படாமல் மறைத்து, லேசாக நீர் தெளித்து வர வேண்டும். மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

இந்தப் பூச்சும் நிரந்தரமில்லை. உப்பைத் தானே வாங்கிக்கொண்டு, கல்லுக்குப் பதிலாகத் தான் உதிரும். எங்கள் சுவர் இரண்டு மாரியைக் கண்டுவிட்டது. அடியில் மெல்லிய வெள்ளைப் பூப்பு தெரிகிறது. அம்மம்மா தும்புத்தடியால் தட்டிவிட்டுப் போகிறார்.