தயிர் குளிர்ச்சியா? ஆயுர்வேதத்தின் கணக்கு வேறு

வெயில் காலம் வந்தால் நம் வீடுகளில் தயிருக்குத் தனி மரியாதை. குளிர்ச்சி என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. ஆயுர்வேதத்தின் பழைய மூல நூலான, சரகர் பெயரில் வழங்கும் சரக சம்ஹிதையோ வசந்தம், கோடை, சரத் (மழைக்காலத்துக்குப் பிந்தைய பருவம்) ஆகிய மூன்று பருவங்களிலும் தயிர் பெரும்பாலும் ஆகாது என்கிறது.

காரணம், ஆயுர்வேதம் தயிரை உஷ்ண வீரியமுள்ள, அதாவது உடலுக்குள் சூட்டை உண்டாக்கும் பொருளாக வைத்திருக்கிறது. தொட்டால் ஜில்லென்று இருப்பது வேறு, உள்ளே போய்ச் செய்யும் வேலை வேறு. தயிர் நாவிலும் புளிப்பு, செரித்த பிறகு நிற்கும் சுவையான விபாகமும் புளிப்பு. புளிப்பு பித்தத்தைக் கிளப்பும். போதாததற்கு அது குரு, செரிக்க நேரம் பிடிப்பது. ஜடராக்கினி என்னும் செரிமான நெருப்பு நன்றாக எரிகிறவருக்குத் தயிர் பலம் தரும், வாதத்தைத் தணிக்கும், சாப்பாட்டில் ருசியை உண்டாக்கும். அக்கினி மந்தமானவருக்கு அதுவே உடலின் நுண்வழிகளை அடைத்துக்கொள்ளும். அரைகுறையாகச் செரித்தது ஆமம் என்னும் கழிவாகத் தேங்கும்.

வீரியத்தை அளக்க ஆய்வகத்தில் கருவி இல்லை. ஆகவே இதை அப்படியே வேதியியலாக்கிவிட முடியாது, அப்படி ஆக்குகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் தயிருக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டால் சில விதிகள் தெளிவாகும்.

வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றியதும், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. சுமார் 6.6 ஆக இருந்த பிஹெச் இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது, அதுவரை ஒன்றையொன்று விலக்கி மிதந்த கேசின் புரத உருண்டைகள் மின்னேற்றத்தை இழந்து ஒட்டி, வலையாகப் பின்னிக்கொள்கின்றன. கொழுப்பும் நீரும் அதற்குள் சிக்கிக் கட்டித் தயிராகிறது. கரண்டியால் ஓர் ஓரத்தை எடுத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள், அந்தப் பள்ளத்தில் இளமஞ்சள் நீர் ஊறி நிற்கும். வலை சுருங்கிக் கசியவிட்டது அது.

பாக்டீரியாக்கள் லாக்டோஸ் முழுவதையும் தீர்ப்பதில்லை. இருந்தும் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. லாக்டோஸை உடைக்கும் நொதி அந்த பாக்டீரியாக்களுக்குள்ளேயே இருப்பதுதான் சூட்சுமம். இரைப்பை அமிலம் அவற்றை உடனே அழித்துவிடாமல் தயிர் ஓரளவு காக்கிறது. சிறுகுடலில் பித்தநீர் பட்டதும் நொதி வெளியே வந்து மிச்ச லாக்டோஸை உடைக்கிறது. யோகர்ட் வகைத் தயிருக்கு இந்தப் பலன் உண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா வேண்டும். கொதிக்கவைத்தால் அவையும் போச்சு, நொதியும் போச்சு. 'தயிரைச் சூடாக்கி உண்ணாதே' என்ற சரகரின் விதி இந்த இடத்தில் நன்றாகவே பொருந்துகிறது. மோர்க்குழம்புப் பிரியர்கள் மன்னிக்கவும். நுரை கட்டியதும் இறக்கினாலும் அதில் உயிரோடு மிஞ்சுவது சொற்பம்.

ஆயுர்வேதத்தின் பார்வை உண்மையில் கூர்மையாவது மோரில்தான். தயிர் வீக்கத்தை உண்டாக்கும், அதையே கடைந்தால், வெண்ணெய் எடுக்காவிட்டாலும், வீக்கத்தைத் தணிக்கும் என்று சரக சம்ஹிதையின் பழைய உரையே சொல்கிறது. கடைதல் என்ற செய்கையே பொருளின் குணத்தை மாற்றிவிடுகிறது என்பது அதன் வாதம். மத்து அந்தப் புரத வலையைக் கிழிக்கிறது, தண்ணீர் நீர்க்கவைக்கிறது, வெண்ணெயோடு கொழுப்பும் விலகுகிறது. கொழுப்பு குறைந்த உணவு இரைப்பையை விட்டுச் சீக்கிரம் நகரும் என்பது இன்றைய உடலியலும் சொல்வது. கிரகணி என்னும் நாள்பட்ட வயிற்றுக் கோளாறுக்கும் மூலத்துக்கும் சரகர் மோரைத்தான் தூக்கிப் பிடிக்கிறார். தரையில் ஊற்றினால் புல்லையே கருக்கும் மோருக்கு மூலம் எம்மாத்திரம் என்கிறார், கொஞ்சம் மிகையாகவே! 'நீர் சுருக்கி மோர் பெருக்கி நெய் உருக்கி' என்ற தமிழ் வைத்திய வாக்கும் தயிரைப் பெருக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆயுர்வேதத்தின் இன்னொரு மூல ஆசிரியரான சுசுருதர் மோருக்கும் வேலி போடுகிறார்: புண்பட்டவர், தலைசுற்றல், எரிச்சல், ரத்தப்போக்கு உள்ளவருக்கு வேண்டாம், கோடையிலும் வேண்டாம். அவர் சொல்லும் மோர் பாதித் தண்ணீர் சேர்த்துக் கடைந்தது. நம் நீர்மோர் அதைவிடப் பல மடங்கு நீர்த்தது. வியர்த்தவருக்கு அது தருவது முதலில் தண்ணீரும் உப்பும்தான்.

இரவில் தயிர் கூடாது என்ற பிரபலமான விதி? மாலையில் உண்ட உணவு காலை உணவைவிட மெதுவாகவே இரைப்பையை விட்டு நகர்கிறது. வயிறு முட்டத் தயிர்சாதம் சாப்பிட்டு உடனே படுத்தால் புளித்த ஏப்பம் வருவதில் வியப்பில்லை. ஆனால் விதியை மீறித் தயிர் உண்டால் காய்ச்சல், தோல் நோய், காமாலை வரை வரும் என்று சரகர் அடுக்குவதை நவீன மருத்துவம் ஏற்பதில்லை. பகலிலும் அவர் தயிரைத் தனியே விடுவதில்லை. நெய், சர்க்கரை, பாசிப்பயற்றுச் சாறு, தேன், நெல்லிக்காய் என்று துணை கேட்கிறார்.

அவர் அறவே ஒதுக்குவது 'மந்தகம்', அதாவது முழுதாக உறையாத தயிர். வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையும் அது கெடுக்கும் என்பது அவர் கருத்து. அந்த நிலையில் லாக்டோஸ் அதிகம் மிஞ்சியிருக்கும், பாக்டீரியாவும் இன்னும் பெருகியிருக்காது. அதனால்தான் வயிறு உப்புகிறது என்பது என் ஊகம். மார்கழிக் குளிரில் உறை மந்தமாகப் பிடிக்கும்போது காலையில் பாத்திரத்தில் ஆடிக்கொண்டிருப்பது பல வீடுகளில் இதுதான். அதை மதியம் வரை அடுப்படி ஓரம் விட்டுவைத்தால் போதும்.