மூச்சுச் சத்தத்தை அழிக்காதீர்கள்

வீட்டில் பாடிப் பதிவு செய்து மிக்ஸிங்குக்கு (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து பாட்டாக்கும் வேலைக்கு) என்னிடம் அனுப்புகிற பிள்ளைகளில் பலர், அனுப்பும் முன்பே ஒரு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள்) போட்டு, வரிக்கு நடுவே இழுக்கும் மூச்சு, கிட்டார் கம்பியில் விரல் உரசுவது, உதடு பிரியும் சத்தம் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார்கள். "சுத்தமா இருக்கு சார்" என்று செய்தியும் வரும். கேட்டால், அந்தக் குரலுக்குள் ஆளே இருக்க மாட்டார். அழித்ததை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது.

இவர்களுக்கு நான் கேட்கச் சொல்வது, ஐஸ்லாந்தின் வால்கெயர் சிகுர்ட்சன் செய்த பதிவுகளை. (அந்த நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, 'சிகுர்ட்சன்' என்றால் சிகுர்தூரின் மகன். நம் இனிஷியல் மாதிரிதான். அதனால் வால்கெயர் என்றே சொல்கிறேன்.) இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர் மூன்றும் அவர்தான். 1997-ல் ரெய்க்யவிக்கில் 'கிரீன்ஹவுஸ்' ஸ்டுடியோவைத் தொடங்கினார். பாடகி பியர்க் நடித்து இசையமைத்த 'டான்சர் இன் தி டார்க்' படத்தின் இசையில் சேர்ந்தவர், அதன் பிறகு பல ஆண்டுகள் அவரோடு வேலை செய்தார்.

அதில் 2001-ல் வந்த 'வெஸ்பர்டைன்' ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். பாடல்கள் இணையத்தில் சுருங்கிய கோப்புகளாகப் பரவத் தொடங்கியிருந்த காலம். அப்படிச் சுருக்கினாலும், சின்ன ஸ்பீக்கரில் கேட்டாலும் சிதையாத ஒலிகள் வேண்டும் என்று ஹார்ப், செலஸ்டா (மணி போல ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்), மியூசிக் பாக்ஸ் போன்றவற்றை பியர்க் தேர்ந்தெடுத்தார். தாளத்துக்குப் பெரிய டிரம் அடி குறைவு. சீட்டுக் கலைப்பது போன்ற பொடிச் சத்தங்கள்தான் அதிகம். அவற்றின் மேல் குரல் காதோரம் கிசுகிசுக்கிறது. அந்தப் பாட்டிலிருந்து மூச்சை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 2004-ல் வந்த 'மெடுல்லா' இன்னும் ஒரு படி மேலே. கிட்டத்தட்ட முழுக்க மனிதக் குரலாலேயே கட்டியது.

2006-ல் வால்கெயர், நிகோ மியூலி, பென் ஃபிராஸ்ட் இருவரோடு சேர்ந்து 'பெட்ரூம் கம்யூனிட்டி' என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மியூலி அமெரிக்க இசையமைப்பாளர், ஃபிராஸ்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஐஸ்லாந்தில் தங்கியவர். முதல் வெளியீடு மியூலியின் செவ்வியல் படைப்புகள். செவ்வியல் இசையை அரங்கின் எதிரொலியோடு தூரத்திலிருந்து பிடிப்பதே வழக்கம். இதில் மைக் வாத்தியத்தை ஒட்டி நிற்கிறது. வாசிப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போலக் கேட்கும். என் தொழிலில் எனக்குக் கண் திறந்தது இதைக் கேட்டபோதுதான்.

இனி நம் வேலைக்கு வருவோம். நாய்ஸ் ரிடக்‌ஷன் மென்பொருளுக்கு மின்விசிறியின் இரைச்சலும் உங்கள் மூச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே பல அலைவரிசைகளில் பரவிக் கிடக்கும் காற்றுச் சத்தம். 'ஸ', 'ஷ', 'ஃப' எழுத்துகளும் அப்படியே. விசிறியைத் துடைக்கப் போய் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மிச்சத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு கொழகொழப்பு வரும்.

ஆகவே பதிவின்போதே விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். வியர்க்கும், தெரியும். நான்கு நிமிடம்தானே, பாடி முடித்துப் போட்டுக்கொள்ளலாம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடினால் அறை எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர் ('ப' போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை). உரக்கப் பாடும் இடத்திலும் அளவுமானி மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

மூச்சு உறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் ஒலியளவைச் சற்று இறக்கினால் போதும், வெட்ட வேண்டியதில்லை. நீங்களே சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்றால், செய்த கோப்போடு கை வைக்காத மூலப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான்.