டைனமிக் ரவுட்டிங்: தமிழில் என்ன சொல்வது?

ரவுட்டிங் என்பது வலையமைப்பில் தரவுப் பொதிகள் போக வேண்டிய வழியைத் தீர்மானிப்பது. வலையமைப்பின் வாயிலில் நின்று போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் அதை இரண்டு விதமாக அமைக்கலாம். ஸ்டாட்டிக் முறையில், ‘இந்த வலையமைப்புக்கு இந்த வழி’ என்று நாமே எழுதி வைக்கிறோம். நடுவில் எங்கோ இணைப்பு அறுந்தாலும் எழுதியது பெரும்பாலும் அப்படியே நிற்கும். டைனமிக் முறையில் அண்டைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசி வழிகளைக் கற்றுக்கொள்கின்றன. ஒரு வழி அடைபட்டால் வேறு வழிக்குத் தாமே மாறிக்கொள்கின்றன.

வழியைக் குறிக்கும் ‘ரூட்’டின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘வியா ருப்தா’ என்றால் உடைத்துத் திறந்த பாதை. ‘டைனமிக்’ ஆற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கருவிகள் பேசிக்கொள்ளும் விதிகளை இன்று குறிக்கும் ‘புரோட்டோகால்’, பாப்பிரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் ஏட்டுக்கு கிரேக்கர் இட்ட பெயர். புரோட்டோகாலைத் தமிழில் நெறிமுறை என்கிறோம். நெறி என்றாலே வழி என்றும் பொருள் உண்டு என்பதால், இந்த இடத்தில் அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

ரவுட்டருக்குத் ‘திசைவி’ என்ற சொல் பரவியிருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ரவுட்டர் திசை காட்டுவதில்லை. பொதியை அடுத்து எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்கிறது. ‘வழிப்படுத்தி’, ‘வழிப்படுத்தல்’ என்பவை அந்த வேலைக்கு இன்னும் நெருக்கமானவை. ஸ்டாட்டிக் ரூட்டை நிலைவழி என்றும், டைனமிக் ரூட்டை இயங்குவழி என்றும் சொல்லலாம்.

ஆனால் வழியைக் கற்றுத்தரும் நெறிமுறைக்கு நம்மிடம் இதைவிட நல்ல சொல் உண்டு: ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் இடத்தையும் அங்கே போகும் வழியையும் சொல்வதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகை. அறிந்தவர் அறியாதவருக்கு வழி சொல்வது; ரவுட்டிங் புரோட்டோகால் செய்வதும் இதைத்தான். ரிப் (RIP) என்ற நெறிமுறை 30 நொடிக்கு ஒருமுறை தன் வழி அட்டவணையை அண்டைக்குச் சொல்லும். 15 தாவல் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) வரைதான் அதன் கணக்கு, 16 என்றால் எட்டாத இடம். பிஜிபி (BGP) என்ற நெறிமுறை, எந்தெந்த வலையமைப்புகளைக் கடந்து போக வேண்டும் என்ற வரிசையையும் சேர்த்தே சொல்லும். அந்த ஐந்தில் ஒன்றான மலைபடுகடாம், வழியிலுள்ள ஊர்களையும் இடர்களையும் விரித்துச் சொல்வது எனக்கு அப்போது நினைவுக்கு வரும். ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற நெறிமுறை சற்று வேறு: அண்டையின் முடிவைக் கேட்பதோடு நிற்காமல், தன் பகுதியின் வரைபடத்தையே கட்டி, கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ராவின் முறைப்படி குறும்பாதையைத் தானே கணக்கிடும்.

‘ஆற்றுப்படுத்தல்’ இன்று உளவளத் துணையைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். அதனால்தான் வினையாக வழிப்படுத்தலையும், நெறிமுறையின் பெயராக ஆற்றுப்படை நெறிமுறையையும் பரிந்துரைக்கிறேன். பொதியைக் கொண்டுசேர்ப்பது ஒரு வேலை, வழியை அறிவிப்பது இன்னொரு வேலை என்ற வேறுபாடும் இதில் தெளிவாகும்.

ஃபயர்வால் என்பது தீயரண். அரணில் நின்று ஆற்றுப்படை கேட்பவர், சொல்பவர் யாரென்று பார்த்தாக வேண்டும். ஆகவே அண்டைக் கருவிகளுக்கு இடையே கடவுச்சொல் அல்லது திறவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெளி இணையத்தை நோக்கும் இடைமுகத்தில் ஓஎஸ்பிஎஃப் பேசாதபடி ‘பாசிவ்’ ஆக்க வேண்டும். எந்த வழிகளை ஏற்பது, எவற்றை அறிவிப்பது என்று வடிகட்டியும் வைக்க வேண்டும். ஃபயர்வாலுக்கே வரும் போக்குவரத்தில் ஓஎஸ்பிஎஃப்-க்கு ஐபி நெறிமுறை எண் 89-ஐயும், பிஜிபி-க்கு டிசிபி போர்ட் 179-ஐயும் அனுமதிக்காவிட்டால் அண்டை உறவே உருவாகாது. ஓஎஸ்பிஎஃப்-க்கு டிசிபி, யுடிபி போர்ட் கிடையாது என்பதை மறந்து போர்ட் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இன்னொன்று, இருவழிப் பிரச்சினை. வழிகள் தாமே மாறும்போது, ஒரு தீயரண் வழியே போன பொதிக்கு மறுமொழி இன்னொரு தீயரண் வழியே திரும்பக்கூடும். உரையாடலின் தொடக்கத்தைப் பார்க்காத அந்த இரண்டாம் தீயரண், மறுமொழியை வழக்கமாகத் தூக்கி எறிந்துவிடும். வழி அட்டவணையில் எல்லாம் சரியாக இருக்கும், இணைப்பு மட்டும் கிடைக்காது. அப்போது போகும் வழியின் செலவு மதிப்பையும் (வழியைத் தேர்ந்தெடுக்க நெறிமுறை ஒப்பிடும் எண்) திரும்பும் வழியின் செலவு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.