ராக் வானொலியை வீழ்த்தியது இணையம் மட்டும்தானா?

அமெரிக்காவின் ராக் வானொலி நிலையங்களை இணையம் விழுங்கிவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். வானொலிக்குப் பாடல் பட்டியல் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

அந்நிலையங்கள் எழுந்ததற்கே ஓர் அரசு விதிதான் வழிவகுத்தது. மத்திய அலை நிகழ்ச்சியையே பண்பலையிலும் மறுபடி ஒலிபரப்பிவந்த உரிமையாளர்கள், பெரிய நகரங்களில் பாதி நேரமாவது தனி நிகழ்ச்சி தரவேண்டும் என்று அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் 1964இல் விதித்தது. அப்படிப் பண்பலையில் புதிய முயற்சிகளுக்கு வழி திறந்த காலத்தில்தான் 1967இல் சான்பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டாம் டானஹூ என்ற அறிவிப்பாளர் நீண்ட ஆல்பம் பாடல்களை ஒலிக்கவிட்டார். மறு ஆண்டே, செவ்வியல் இசை நிலையமாக இருந்த பாஸ்டனின் டபிள்யூ.பி.சி.என். ராக் இசைக்கு மாறியது. அங்கே எந்தப் பாடல் ஒலிக்கவேண்டும் என்பதை அறிவிப்பாளரே முடிவுசெய்தார். 1979இல் புதிய உரிமையாளர் ஊழியர்களை நீக்கியபோது எஞ்சியோரும் வெளியேறி வேலைநிறுத்தம் செய்து, மூன்று வாரங்களில் வென்றார்கள் என்றால், நேயர்கள் அவர்கள் பக்கம் நின்றதே முக்கியக் காரணம்.

பின்னர் பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆலோசகர்களிடமும் ஆய்வுகளிடமும் போயிற்று. பாடலின் சில நொடிகளை மட்டும் தொலைபேசியில் ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்கும் சோதனையில், ஏற்கெனவே பழகிய பாடலே எப்போதும் முந்தும்; அறிமுகமே இல்லாத பாடலுக்கு யார் மதிப்பெண் தருவார்கள்? யாரும் வெறுக்காத பாடல்கள் தங்கிவிட, யாரோ சிலர் உயிராய் நேசிக்கக்கூடியவை பட்டியலிலிருந்து உதிர்ந்தன. எங்கள் தொழிலின் பெரும் குறை இதுவே என்பேன்.

1996ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கான உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. வேறோர் ஊரில் முன்கூட்டியே பதிவுசெய்த குரல், உள்ளூர் அறிவிப்பாளரின் இடத்தில் அமர்ந்தது. நள்ளிரவில் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பாருங்கள். ஒலிப்பது நேரடிக் குரலா பதிவா என்ற உண்மை, எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2009 ஆகஸ்டில் டபிள்யூ.பி.சி.என். பண்பலையிலிருந்து விலக, அதன் 104.1 அலைவரிசைக்கு வேறொரு பாப் இசை நிலையம் வந்தது. அதே காலத்தில், நேயர்களின் நன்கொடையில் இயங்கி, அறிவிப்பாளர்களே பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி. நிலையமோ இணையத்தின் வழியாகவே உலகெங்கும் நேயர்களைச் சேர்த்துக்கொண்டது.