பொன்னோடு பொன் ஒட்டுவது எப்படி?

வீட்டில் பழைய ஜிமிக்கி ஏதாவது இருந்தால், அதன் விளிம்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட வராத பொன்மணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். மணியும் தங்கம், அதைத் தாங்கும் தகடும் தங்கம். இரண்டும் உருகும் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க மணி உருகி வழியாமல், தகடு நெளியாமல், இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் மட்டும் எப்படி உருகிச் சேர்ந்தது?

முதலில் மணியைப் பார்த்துவிடுவோம். அதை யாரும் கையால் உருட்டுவதில்லை. மெல்லிய தங்கக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, துண்டுகள் ஒன்றோடொன்று தொடாதபடி கரித்தூளில் தூவி, மூசையில் வைத்துச் சூடேற்றுவார்கள். உருகிய தங்கத்தின் பரப்பு இழுவிசை மிக அதிகம், தண்ணீரைப் போலப் பதினைந்து மடங்கு. துண்டு சின்னதாக இருக்கும்வரை எடையை அந்த விசை வென்றுவிடும். அதனால் உருகிய துளி தானே உருண்டு கோளமாகிவிடும். சில மில்லிமீட்டரைத் தாண்டினால் எடை ஜெயித்து, துளி தட்டையாகிவிடும். கரித்தூள் துளிகளைப் பிரித்து வைக்கும், காற்றில் உள்ள ஆக்சிஜனையும் அண்டவிடாது. ஆறியதும் சலித்து, அளவு வாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒட்டுவதில்தான் உண்மையான வித்தை இருக்கிறது. நகைப் பட்டறையில் வழக்கமான முறை பொடி வைத்து ஊதுவது. தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த பொடி, நகையை விடக் குறைந்த சூட்டில் உருகும். அதை வெங்காரத்தோடு (போராக்ஸ்) இணைப்பில் வைத்து, ஊதுகுழலால் தீயை அதன் மேல் செலுத்துவார்கள். 22 காரட் தங்கத்தில் செம்பு இருப்பதால் சூட்டில் மேலே கருப்பு ஆக்சைடு படியும். படிந்த இடத்தில் பொடி ஒட்டாது. வெங்காரம் 743 டிகிரி செல்சியஸில் உருகி அந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். அடுத்து தகடு சிவந்து ஆரஞ்சாகும் நேரத்தில், மங்கலாகக் கிடந்த பொடி சட்டென்று பளிச்சிட்டு இடுக்குக்குள் ஓடும். அந்த நொடியில் தீயை விலக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நகையே உருக ஆரம்பித்துவிடும். பத்தருக்கு இங்கே வெப்பமானி கிடையாது, நிறம்தான் கணக்கு. பட்டறை வெளிச்சம் குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். வெயிலில் 700 டிகிரிச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொடியில் செம்பு கூடினால் நகையின் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, குறையும். அதைத் தவிர்க்கத்தான் காட்மியம் கலந்த பொடி வந்தது, கடை விளம்பரங்களில் கேடிஎம் என்று பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் காட்மியம் போதும், உருகும் சூடு நன்றாக இறங்கிவிடும், இணைப்பிலும் 22 காரட் தரம் நிற்கும். ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். வாங்குபவருக்கு மாற்று குறையாத நகை கிடைத்தது, அதற்கான விலையைத் தீக்கு எதிரே உட்கார்ந்தவர் தன் மூச்சால் கொடுத்தார். இதைப் பற்றி நாம் பேசுவது போதாது என்றே நினைக்கிறேன்.

சரி, மணிகளுக்கு வருவோம். மணி பெரிதாக இருந்தால் பொடி போதும். ஆனால் ரொம்பச் சின்ன மணிகளுக்கு இது ஒத்துவராது. உருகிய பொடி நுண்துளை ஈர்ப்பால் மணிகளுக்கு இடையில் உள்ள எல்லாச் சந்திலும் புகுந்து நிரப்பிவிடும். தனித்தனியாக நிற்க வேண்டிய மணிகள் ஒரே மேடாகக் குழம்பிப்போகும். 1836இல் ரோம் அருகே செர்வெத்தெரியில் ஒரு கல்லறையைத் திறந்தபோது, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, இத்தாலியின் பண்டைய மக்களான எட்ருஸ்கர்களின் நகைகள் கிடைத்தன. அந்த மக்கள் செய்த மணிவேலையில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மணிகள் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் தகட்டை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கிறது. ரோமின் காஸ்தெல்லானி நகைக் குடும்பம் இதைத் திரும்பச் செய்து பார்க்கப் பல ஆண்டு பாடுபட்டது. பழைய முறைகள் மிச்சமிருந்த ஒரு மலையூரிலிருந்து கைவினைஞர்களைக்கூட அழைத்து வந்தது. அப்படியும் மிக நுண்ணிய மணிகளில் எட்ருஸ்கர்களை எட்ட முடியவில்லை.

1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார். பொடியே வேண்டாம் என்பதுதான் அதன் அடிப்படை. பச்சை நிறச் செம்பு உப்பை நன்றாக அரைத்து, பசையும் தண்ணீரும் கலந்து, அந்தக் குழம்பால் மணிகளைத் தகட்டில் ஒட்டி உலர விட வேண்டும். பிறகு தீ. சூடு ஏற ஏறச் செம்பு உப்பு சிதைந்து செம்பு ஆக்சைடாகும். 600 டிகிரிவாக்கில் பசை கருகிக் கரியாகும். 850 டிகிரியை நெருங்கும்போது அந்தக் கரி ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மணி தொடும் இடத்தில் மிஞ்சுவது சுத்தமான செம்பு, அதுவும் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாக.

அப்புறம் நடப்பதுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. தங்கம் 1064 டிகிரியில் உருகும், செம்பு 1085இல். ஆனால் இரண்டும் தொடும் இடம் 900 டிகிரி அருகிலேயே உருகிவிடுகிறது. செம்பு அணு தங்க அணுவை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் சிறியது. திடப்பொருளில் அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் நிற்க வேண்டும், அளவு வேறுபட்டால் அடுக்கு நெருக்கடியில் தவிக்கும். திரவத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே கலவைக்குத் திரவமாவதே சுலபம், குறைந்த சூட்டிலேயே அது இளகிவிடுகிறது. சுற்றியுள்ள தங்கம் உருக இன்னும் 150 டிகிரி பாக்கி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். 22 காரட்டில் இடைவெளி இன்னும் குறுகல். நுண்ணிய மணிவேலைக்கு மாற்று கூடிய தங்கத்தைத் தேடுவது இதனால்தான்.

இணைப்பு உருவானதும் அந்தச் செம்பு அங்கேயே தங்குவதில்லை. சூட்டில் மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் பரவிவிடும். அது பரவப் பரவ, இணைப்பு உருகும் சூடு உயரும். மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுபோனாலும் ஒட்டியது விடாது. பச்சைச் செம்புக் கனிமத்தை வைத்துப் பொன் ஒட்டுவதைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆக வழி தொலைந்தது ஏட்டில் இல்லை, கைப்பழக்கத்தில்.

உங்கள் பழைய நகையில் மணி உதிர்ந்திருந்தால், பழுது பார்க்கக் கொடுக்கும் முன் பட்டறையில் லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். லேசர் ஒரு புள்ளியை மட்டும் உருக்கும், பக்கத்து மணிகளுக்குச் சூடு போகாது. லேசர் இல்லையென்றால், பொடியை எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வைக்கச் சொல்லுங்கள். உதிர்ந்த மணியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பழைய தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்த அளவு வேறு, புது மணி வைத்தால் நிறம் ஒத்துப்போகாது.